மூன்றாம் நாள் கையெழுத்து

டொரத்திக்கு வாடிக்கையாளர்களின் முகம் நினைவில் நிற்பதில்லை. மணிக்கட்டுதான் நிற்கும். போன வருடம் வந்த டத்தோ பட்டக்காரரை லிஃப்டில் பார்த்தால் அடையாளம் தெரியாது, அவர் கவுன்டரில் கையை வைத்த மறுகணம், "உங்க வாட்ச்சுக்குக் கண்ணாடி மாத்தினோமே, இப்ப நல்லா ஓடுதா?" என்று கேட்டுவிடுவாள்.

பிரிக்பீல்ட்ஸில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது ஹெல்மோர் கைக்கடிகாரங்களின் சர்வீஸ் சென்டர். முப்பத்தைந்து வருடமாக டொரத்தி அங்கே கவுன்டரில் இருக்கிறாள். கிள்ளானிலிருந்து காலையில் கொமுட்டர் ரயில், சாயங்காலம் அதே கொமுட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது வயதில் கேக் வெட்டி அனுப்பிவைத்த கம்பெனி, ஆறு மாதத்தில் திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டது. பழைய மாடல் எது, எந்த வருடத்தது, எந்த முள் அதற்கு உரியது என்று பார்த்த பார்வையில் சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை.

கடிகாரத்தை வாங்கி, சீட்டு எழுதி, மஞ்சள் நகலைக் கிழித்துக் கொடுக்கும் முன் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "தண்ணில இறங்குவீங்களா?"

இறங்குவேன் என்று சொன்னால், அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லி உள்ளே பழுதுபார்ப்பவர்களிடம் போய் நின்றுகொள்வாள். முடியாவிட்டால் வேறொரு கடிகாரத்தை இரவல் கொடுத்துத்தான் அனுப்புவாள். இறங்குவேன் என்று சொல்கிறவர்கள்தான் அபூர்வம். "ஆன்டி, நான் சுவிமிங் பூல்லயே கால் வைக்க மாட்டேன்" என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரம். கட்டியிருப்பவர் முழங்காலளவு வெள்ளத்துக்கே லோரி தேடுகிற ஆள். பக்கத்து நாற்காலி வாணிக்கு இது பெரிய வேடிக்கை. "ஆன்டிக்கு இது ஒரு வியாதி லா" என்பாள்.

வியாதிதான். அந்த வியாதிக்குப் பெயர் ரேமண்ட். டொரத்தியின் தம்பி.

ஹெல்மோர் கம்பெனியில் 'டைடல்' என்று ஒரு வரிசை உண்டு. இன்றைக்கு அது கோடீஸ்வரன் கையில் மின்னுகிற சரக்கு. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கடலுக்குள் இறங்கிக் கப்பல் அடியைச் சுரண்டுகிறவன், குழாய் பதிக்கிறவன், இவர்களுக்காகச் செய்த வேலைக்காரக் கடிகாரம் அது. முதல் டைடல் சின்னது. தேங்காயெண்ணெய்ச் சொட்டு மாதிரி உப்பிய பிளாஸ்டிக் கண்ணாடி, மினுக்கம் இல்லாத கறுப்பு முகம். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். இறங்குகிறவன் அந்த வளையத்தைத் திருகி, அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டுக் குதிப்பான். முள் முக்கோணத்தை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, அவ்வளவு காற்று முதுகிலிருக்கும் சிலிண்டரில் தீர்ந்தது என்று அர்த்தம். அலங்காரம் அத்தோடு சரி.

ரேமண்டிடம் இருந்தது இரண்டாவது டைடல். கறுப்பு முகத்தில் பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கும். போர்ட் கிள்ளானில் ஒரு கிரேக்கக் கப்பல் எஞ்சினியர் கழற்றி விற்றதை வாங்கிக் கட்டிக்கொண்டான். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதுதான் அவன் வேலை. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் வளையத்தின் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. இருட்டில் ஒளிரும் புள்ளிகள் தேத்தாரே என்கிற பால் தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தன. "இதுதான்க்கா அழகு" என்பான். டொரத்திக்குச் சிரிப்பு வரும். அவள் அப்போது சென்டரில் சேர்ந்து இரண்டே வருடம். கண்ணாடிப் பெட்டிக்குள் புதிது புதிதாக வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, பழையது எல்லாமே அவளுக்கு அழுக்காகத் தெரிந்த காலம்.

1991, ஆகஸ்ட் மாதம். நேரம் வைக்கிற திருகு கொஞ்சம் லூசாக இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக் கொடு என்று ரேமண்ட் கடிகாரத்தைக் கொண்டுவந்தான். டொரத்தி விடவில்லை. புதிய டைடல் அப்போதுதான் வந்திருந்தது. பளபளப்பான முகம், கீறாத கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே பக்கம் மட்டும் திரும்பும் வளையம். பழைய வளையம் இரண்டு பக்கமும் திரும்பும். தண்ணீருக்குள் எங்காவது இடித்து வளையம் நகர்ந்தால், தீர்ந்த காற்று தீராததுபோல் காட்டும். ஆளையே கொன்றுவிடும்.

"புது வளையம் போட்டுத் தரேன்டா. உயிருக்கு நல்லது. சிங்கப்பூர்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் வாட்ச் இல்லாம எப்படிக்கா? வேலை இருக்கு."

"வேற ஏதாச்சும் கட்டிக்கோ. கொஞ்சம் பொறு லா."

மஞ்சள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வியாழக்கிழமை போன் பண்ணினான். "வந்துருச்சாக்கா?" வரவில்லை. "அப்ப பழசையே மாட்டிக் குடுத்துரு, நான் எடுத்துக்கிறேன்." உள்ளே போய்ச் சொன்னால் அரைமணி நேர வேலை. டொரத்தி போகவில்லை. "திங்கக்கிழமை வந்துரும்டா" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ரேமண்ட் கடிகாரம் இல்லாமல் இறங்கினான். மேலே வரவில்லை. கூட வேலை செய்த திருச்செல்வம் துக்க வீட்டு வாசலில் நின்று எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "நேரம் தெரியாம இருந்துட்டான். மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டுப் போனான், எண்ணிக்கை தப்பிப்போச்சு."

பெட்டியில் படுத்திருந்தவனின் இடது கையில், கறுத்த தோலுக்கு நடுவே, கடிகாரம் கட்டிய இடம் மட்டும் பட்டையாக வெளுத்திருந்தது. டொரத்தி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ரேமண்டின் மனைவி ஜோஆன் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். "அவர் வாட்ச் எங்கக்கா?"

"கடல்ல போயிருக்கும்மா" என்று டொரத்தியின் வாய் சொல்லியது. யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அடக்கத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்குப் போனாள். மேசைமேல் தட்டில் ரேமண்டின் கடிகாரம் தயாராகக் காத்திருந்தது. சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமையே வளையம் வந்துவிட்டது. உள்ளே வேலாயுதம் அண்ணன் புதிதை மாட்டி, கழற்றிய பழைய வளையத்தைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. வாங்க ஆள் வராத கடிகாரத்துக்கு மூன்றாம் மாதம் வீட்டுக்குக் கடிதம் போகும்; ஜோஆன் கைக்குத்தான் போகும். டொரத்தி டெலிவரி புத்தகத்தைத் திறந்தாள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற கட்டத்தில் ரேமண்ட் என்று அவன் போடுகிற மாதிரியே, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துப் போட்டாள். தேதியும் எழுதினாள். இறந்து மூன்றாம் நாள் அவள் தம்பி எழுந்து வந்து கடிகாரத்தை வாங்கிப் போனதாகப் புத்தகத்தில் பதிவாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுப் பூசைக்குப் போகிறவள் அவள். ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று எல்லாரும் சொல்லும் இடத்தில் இன்றுவரை அவள் வாய் மூடிக்கொள்ளும்.

கடிகாரம் மேசையின் கடைசி டிராயருக்குப் போனது. கம்பெனி இரண்டு முறை இடம் மாறியபோதும் அதைத் தன் கைப்பையில் எடுத்துப் போனாள். வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. கைவீச்சில் தானாகச் சாவியேறும் வகை அது. டிராயரை இழுத்தால் அந்த அசைவிலேயே விநாடி முள் நகர ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது டிராயரை அறைந்து மூடினாள். முள் நகரும் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பது பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு தடவையும் அந்த முள் அவளைப் பார்த்ததும் எழுந்துகொள்வதாகவே தோன்றியது.

வருடங்கள் போயின. டைடலும் போகிற போக்கில் ஆளே மாறிப்போயிற்று. வெளுக்கவே வெளுக்காத பீங்கான் வளையம் வந்தது. வார் மாட்டும் காதுகளில் இருந்த துளைகள் அடைபட்டன. வேலைக்காரன் கம்பியை விட்டுக் கழற்றிக்கொள்ளத்தான் அந்தத் துளை, முதலாளிக்கு எதற்கு? உடம்பு பெருத்தது. நாற்பத்தொன்று மில்லிமீட்டர், பிறகு நாற்பத்துநான்கு. நீலம் வந்தது, பச்சை வந்தது, தங்கம் வந்தது. மணிக்கட்டுகளும் மாறின. உப்பில் வெடித்த கைகள் கவுன்டருக்கு வருவது நின்றுபோய், சட்டைக் கைக்குள்ளிருந்து மெதுவாக எட்டிப் பார்க்கும் கைகள் வந்தன. டொரத்திக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. கடிகாரம் பெரிதாகப் பெரிதாக ரேமண்டுடையதைப் போல் இல்லாமல் ஆகிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் ஜோஆன் மகன் மார்க்கைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் வீட்டுக்கு வருவாள். டொரத்தி ஆட்டிறைச்சிப் பெரட்டல் வைப்பாள். சாப்பிட்ட பிறகு ஜோஆன் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். "வேற ஒண்ணும் இல்லையேக்கா?" என்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்பாள் டொரத்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் முப்பத்திரண்டு கிறிஸ்மஸ் சோற்றில் மறைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் குறுகுறுப்பையும் ஒரு மனுஷி பழக்கப்படுத்திக்கொள்ள முடியும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிறகு உலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது. புதுசு போதும், பழசு வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். தாத்தா கையில் கிடந்த வெளுத்துப்போன டைடலுக்கு ஆட்கள் அலைந்தார்கள். வெளுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. பழைய கடிகாரத்தின் பூர்வீகம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காகக் கம்பெனி தன் பழைய டெலிவரி புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியது. சீட்டு எண்ணைத் தட்டினால் யார் கொடுத்தார், யார் எந்தத் தேதியில் வாங்கினார் என்று கையெழுத்தோடு வந்துவிடும். டொரத்தி அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தாள். அந்த எண்ணை யார் தட்டப்போகிறார்கள் என்று பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்த மஞ்சள் சீட்டு ரேமண்டின் சட்டையோடு போயிருக்கும்.

போன வருடம் பழைய குருடி கதவைத் திறடி என்று கம்பெனியும் இறங்கி வந்தது. 'டைடல் ஹெரிட்டேஜ்' என்று ஒன்றை விட்டார்கள். அதே சின்ன உடம்பு, கறுப்பு முகத்தில் அதே சிவப்பு எழுத்து. வளையத்துக்குத் தொழிற்சாலையிலேயே சாம்பல் நிறம் ஏற்றியிருந்தார்கள். ஒளிரும் புள்ளிகளுக்குத் தேத்தாரே நிறத்தில் சாயம். உப்பும் வெயிலும் பத்து வருடம் பாடுபட்டுச் செய்ததை இவர்கள் ஒரே நாளில் செய்து பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். முதல் பெட்டியைத் திறந்த வாணி, "கியூட்டா இருக்குல்ல ஆன்டி?" என்றாள். டொரத்தி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரேமண்ட் எங்கும் வர ஆரம்பித்தான். கொமுட்டரில் கம்பியைப் பிடித்திருக்கும் கையில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசம் ஊற்றிக்கொள்ளும் கையில் அந்தச் சாம்பல் வளையம் தெரியும். ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வராது.

இந்த வருடம் செப்டம்பரில் ஜோஆன் இறந்தாள். சிறுநீரகக் கோளாறு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டொரத்தி தினமும் போனாள். டிராயரில் இருப்பதை ஒரு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டும் போனாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பையைத் திறந்தாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மூடிவிட்டாள். ஜோஆன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வாணி போயிருந்த நேரம். கவுன்டரில் ஒரு கை வந்து படிந்தது. சாம்பல் வளையம், சிவப்பு எழுத்து, வெயிலில் கறுத்த தோல், விரல் முட்டியில் ரேமண்டுக்கு இருந்த அதே எலும்புப் புடைப்பு. அந்தக் கைக்கு மேலே பார்க்கக் கூடாது என்று டொரத்தி நினைத்தாள்.

"அத்தை" என்றது குரல்.

மார்க். முப்பத்திரண்டு வயது, ரேமண்ட் தொடாத வயது. லீவு கிடைத்தால் தியோமான் தீவில் டைவிங் போகிறவன். அவன் ஒரு போட்டோவை முதலில் வைத்தான். அப்பா படகுத்துறையில் ஈரத்தோடு நிற்கிற படம். "அப்பா வாட்ச் மாதிரியே இருந்துச்சு, அதான் இதை வாங்கினேன்" என்றான். பிறகு இன்னொன்றை வைத்தான். நான்காக மடித்து மடித்து மடிப்பெல்லாம் பஞ்சாகிப்போன மஞ்சள் சீட்டு. டொரத்தியின் இளவயதுக் கையெழுத்து அதில் இன்னும் மங்கவில்லை.

"அம்மா ஜெபப் புத்தகத்துல இருந்துச்சு. நம்பரைப் போன்ல கேட்டேன். வாணின்னு ஒருத்தங்க பாத்துச் சொன்னாங்க. பதிமூணாம் தேதி ரேமண்ட் வந்து எடுத்துட்டுப் போய்ட்டாராம்." அவன் குரலை உயர்த்தவில்லை. "அப்பா செத்தது பத்தாம் தேதி அத்தை."

டொரத்தி குனிந்து கடைசி டிராயரை இழுத்தாள். முள் எழுந்துகொண்டது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அப்படியே எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். பக்கத்தில் பழைய வளையம் இருந்த உறையையும் வைத்தாள். "நான்தான்டா குடுக்கல" என்றாள். திருகு, புது வளையம், வியாழக்கிழமை வந்த போன், அரைமணி நேர வேலை, துக்க வீட்டுப் பொய், புத்தகத்துக் கையெழுத்து என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழுகை வரும் என்று முப்பத்து மூன்று வருடமாக நினைத்திருந்தாள். வரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றான் மார்க். "அடக்கம் ஆன வாரமே சட்டையைத் துவைக்கும்போது சீட்டு கிடைச்சிருக்கு. கடைசியில ஆஸ்பத்திரியிலதான் என்கிட்ட சொன்னாங்க. இத்தனை வருஷம் ஏம்மா கேக்கலன்னு கேட்டேன். 'நான் கேட்டா அவங்க செத்துருவாங்க, அவங்களா குடுக்கட்டும்'னு சொன்னாங்க. நீங்க ஒரு நாள் பையைத் திறந்தீங்களாமே? அன்னிக்குக் குடுத்துருவீங்கன்னு நினைச்சாங்களாம்."

டொரத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு கிறிஸ்மஸும் சமையலறை வாசலில் ஜோஆன் எதற்கு நின்றாள் என்பது இப்போது தெரிந்தது. வேற ஒண்ணும் இல்லையேக்கா. அவள் கேட்டிருக்கிறாள். வருடா வருடம் கேட்டிருக்கிறாள்.

மார்க் தன் கடிகாரத்தைக் கழற்றினான். கறுத்த மணிக்கட்டில் ஒரு பட்டை வெளுப்பு. டொரத்தி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அந்த வெளுப்பின் மேல் ரேமண்டின் கடிகாரம் இருந்தது. அவன் கையை அசைத்து அசைத்து அதற்குச் சாவியேற்றிக்கொண்டிருந்தான். "எங்க சைன் பண்ணணும்?" என்றான். புத்தகத்தில் இடம் இல்லை, அந்தக் கட்டம் எப்போதோ நிரம்பிவிட்டது. மஞ்சள் சீட்டின் அடியில் பெயரையும் தேதியையும் எழுதி அவள் பக்கம் தள்ளினான். கொடுத்தவர் என்ற இடத்தில் டொரத்தி கையெழுத்துப் போட வேண்டும். தம்பி பெயரை ஒரே இழுப்பில் போட்ட கை, தன் பெயரின் முதல் எழுத்துக்கே இரண்டு முறை நின்றது.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "தண்ணில இறங்குவியா?"

"சனிக்கிழமை தியோமான் போறேன். யாரு அத்தை இப்ப வாட்ச்சைப் பாத்து டைவ் பண்றா? எல்லாம் கம்ப்யூட்டர்தான். இது சும்மா கையில இருக்கட்டும்."

"உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் காஞ்சு போயிருக்கும். தண்ணி ஏறிடும்டா. குடுத்துட்டுப் போ, நான் மாத்தி..."

அவன் இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டான். "வேணாம் அத்தை. திரும்ப இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

"அப்ப தண்ணிலயாவது இறக்காதே."

"இறங்க வேண்டிய அன்னிக்கு அது இறங்கல அத்தை" என்றான்.

கோபத்தோடு சொல்லவில்லை. பழைய வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், கதவு வரை போய்த் திரும்பினான். "கிறிஸ்மசுக்கு வரேன். பெரட்டல் வைங்க."

லிஃப்ட் கதவு மூடியது. டொரத்தி கடைசி டிராயரைப் பார்த்தாள். அது இன்னும் திறந்தே இருந்தது. மூடுவதற்காகத் தள்ளியவள், பாதியில் நிறுத்திக் காத்திருந்தாள். உள்ளே எதுவும் ஓடவில்லை.